உண்ணி கடித்த இடம்

அறுபத்தொன்பதில்
மராகேஷ் சதுக்கத்தில், வெயிலில்,
படங்களைத் தொங்கவிட்டார்களாம்.
சுவர் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை,
பக்கத்தில் பாம்பாட்டி.

படித்ததை தஸ்தகீரிடம் சொன்னேன்.
தோல் மண்டியில் உப்பு அள்ளிக்கொண்டே கேட்டார்:
"வெயில்லயா? சாயம் என்னாச்சு?"
நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும்
அது எழுதியிருக்கவில்லை.

கும்பகோணத்தில் நான்கு வருடம்
ஒரு கிரேக்கத் தலையை வரைந்தேன்.
சுண்ணாம்புத் தலை, மூக்கு நுனி உடைந்தது,
சுருள்முடி ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.
காசாபிளாங்காவிலும் அப்படித்தான் தொடங்கினார்களாம்.
பிறகு தலைகளை ஓரங்கட்டிவிட்டு
கம்பளத்தையும் மசூதி உத்தரத்தின் பூவேலையையும்
வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள்.
ஒருவர் கித்தானையே விட்டுவிட்டார்.
செம்புக்குப் போனார், தோலுக்குப் போனார்,
மருதாணியில் வரைந்தார்.

நானும் போனேன்.
காப்பி அடித்தாள் என்று சொல்லுங்கள், கோபமில்லை.
தோல் தஸ்தகீர் கொடுத்தது,
மருதாணி பாரூர் வாய்க்கால் வேலியில் பறித்தது.

ஞாயிறு. போச்சம்பள்ளி சந்தை.
ஆட்டு வரிசைக்கும் தக்காளிக் கூடைகளுக்கும் நடுவே
சுங்கம் நாற்பது ரூபாய் கட்டி
பதினோரு தோல்களைக் கயிற்றில் மாட்டினேன்.
வட்டங்கள், அலைகள், ஓர் அம்பு.

பத்து மணிவரை யாரும் நிற்கவில்லை.
ஒருத்தி தன் ஈரத்துண்டை
அலைகளின் மேலேயே காயப்போட்டுப் போனாள்.
ஒரு கிடா மூன்றாவது படத்தின் ஓரத்தை
உப்புக்காக நக்கியது.
நான் விரட்டவில்லை.
வந்த ஒரே ரசிகன்.

பிறகு மாதப்பன், ஆட்டு வியாபாரி.
படத்தைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தார்.
வாலோரம் மிஞ்சியிருந்த மயிரைத் தடவினார்.
"சேலம் கருப்பு. பெட்டை. ரெண்டு ஈத்து ஆயிருக்கும்.
இங்க பாரும்மா, உண்ணி கடிச்ச வடு."

அவர் விரல் வைத்த இடம்
என் வட்டத்தின் மையம்.

மூன்று ராத்திரி தூங்காமல்
நானே கண்டுபிடித்த மையம்.

"தெரிஞ்சுதான் வெச்சியா?"
ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது.
இல்லை என்றேன்.
"பரவால்ல. ஆடு வெச்சிருக்கு."
விலை கேட்காமல் நகர்ந்துவிட்டார்,
அவருக்கு அங்கே ஒரு கிடா பேரத்தில் இருந்தது.

நாலு மணிக்குச் சுருட்டினேன்.
துண்டைக் காணோம். எப்போது எடுத்தாளோ.
அது கிடந்த இடத்தில் ஒரு விரற்கடை சிவப்பு
தோலில் இல்லை.

தஸ்தகீருக்கு போன் போட்டேன்.
"வெயிலுக்குப் போகல பாய்,
துண்டுக்குப் போயிருக்கு."

இந்நேரம் மத்தூர் பஸ்ஸில்
யாரோ ஒருத்தி அதால்
முகம் துடைத்துக்கொண்டிருப்பாள்.