ஊமைப் பருவம்

நெற்குப்பையில் பூட்டிய வீடொன்றின் பின்கட்டில்
ராக்குவின் ஜெர்சிக் கலப்பு,
கன்று போட்டு ஐந்து மாதம்.
"ஒரு தடவகூடக் கத்தலம்மா.
மத்ததுமேல ஏறல, தீவனத்த வெறுக்கல.
திங்கிறது மட்டும் ரெண்டு மாட்டுத் தீனி."

தோள்வரை உறை மாட்டி
சோப்பு வழவழப்போடு உள்ளே போனேன்.
அங்கே விரல்களுக்குத்தான் கண்.
கருப்பை முதலில்:
நனைத்துப் பிழிந்த துண்டாய்த் துவண்டு கிடந்தது.
காலி.
மறுபடி தடவினேன், மறுபடியும்.
வேலைக்கு வந்த முதல் வருஷம், வேறோர் ஊரில்
இந்த இடத்தில் அவசரப்பட்டு
ஒரு கன்றைக் கலைத்தவள் நான்.

இடது சினைப்பை காய்ந்த மொச்சை.
வலதில் உட்கார்ந்திருந்தது அது,
ஈரல்போல் கெட்டியாக
உச்சியில் சின்ன மொட்டோடு:
மஞ்சள் திரள்.

முட்டை உதிர்ந்த பள்ளத்தில் முளைக்கிற காவல்காரன்.
"விருந்தாளி வருகிறார், எதையும் கலைக்காதே" என்று
புரோஜெஸ்ட்டிரோன் பாஷையில்
ரத்தமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.
அடுத்த முட்டை வாசலோடு நிற்கும்.
பதினேழாம் நாள்வரை யாரும் வராவிட்டால்
கருப்பையே சீட்டெழுதி அவனை வீட்டுக்கு அனுப்பும்.
இவனுக்கு அந்தச் சீட்டு வந்து சேரவில்லை.

கோலாலம்பூர்க்காரர் வீட்டுச் சாவி பதினொன்றும்
இடுப்பில் தொங்க
ராக்குவின் புருஷன் சேவுகன் பக்கத்தில் நின்றார்.
உவமையை அவரிடம் சொல்லவில்லை.
"ஒரு ஊசி. மூணு நாள்ல கத்தும்" என்றேன்.

பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டியது
வாலைப் பிடித்திருந்த மருமகள் சுகப்பிரியா.

"கீழ வை!"

மாடே காதை விடைத்தது.
ரெண்டு மில்லிதான்.
தோலில் சிந்தினாலே உள்ளே இறங்கும்.
காவலைக் கலைப்பதொன்றே அதற்குத் தெரிந்த வேலை,
மாடா மனுஷியா என்று பார்க்காது.
கேட்க வேண்டியதை
மாமியார் முன்னால் எப்படிக் கேட்பது?
கண்ணால் கேட்டேன்.
அவள் மாட்டைப் பார்த்தாள்.
பெருவிரல் மட்டும்
மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கி
ஒன்பதில் நின்றது.

"என்ன டாக்டரம்மா?" ராக்கு.
"கண்ணாடிக் குப்பி. கையக் கிழிச்சிரும்."
கிழியாத கையை
ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன்.
ஊசியை நானே ஏற்றினேன்.
மாடு வைக்கோலை விடவில்லை.

மூன்றாம் நாள் விடியக்காலம் நாலரை.
"கேக்குதா?" என்று
ராக்கு போனை மாட்டிடம் நீட்டியிருக்க வேண்டும்,
என் காது அடைத்துப்போனது.
"வழும்பு?"
"கண்ணாடிக் கயிறாட்டம் தொங்குது. இப்பவே வாங்க."
"சாயந்தரம் வர்றேன்.
முட்டை அது நேரத்துக்குத்தான் எறங்கும்."

சாயந்தரம் வாலைப் பிடிக்க ராக்குவே நின்றாள்.
"மருமக எங்க?"
"சோத்து வாசன ஆகலயாம், உள்ள படுத்திருக்கா.
என்னடின்னு கேட்டா வாயத் தெறக்கல."
வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டே
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"கண்ணாடிக் குப்பி. ம்?"

நான் நைட்ரஜன் புகைக்குள் குனிந்து
சினைக் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.