சலவைச் சீட்டு, எண் 41

கிளாரி கப்பலேறின வாரம்
வெள்ளைச் சட்டையை ஹமகுச்சி கடையில் போட்டுவிட்டுப் போனான்.
"வந்து நானே வாங்கிக்கொள்கிறேன், மெர்ல்.
நீ போய் எடுத்து வைத்துவிடாதே."
திரும்பி வர ஒரு சாக்கு வேண்டுமாம்.
நானும் என் சமையலும் போதவில்லை போலும் என்றேன்.
சிரித்தோம்.

டிசம்பர் எட்டு, திங்கட்கிழமை.
குவீன்ஸ்லாந்து முழுக்கத் துணி துவைக்கிற நாள்.
இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து
துவைக்கிறவரைக் கூட்டிப் போனார்கள்.
முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்க் காலர்களுக்குக் கஞ்சி போட்டவர்,
ஹாமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர்.
இஸ்திரியைத் துணிமேலேயே விட்டுப் போயிருக்கிறார்.
யாருடைய விரிப்போ கருகிய வாசம்
பார்பர் கடைவரை வந்தது.

பூட்டிய கடையின் கண்ணாடி வழியே தெரிகிறது
எங்கள் சட்டை.
மூன்றாவது கொக்கி. நெஞ்சில் சீட்டு.

பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது என்றது ரேடியோ.
விழுந்தது.
மேசையிலிருந்து குவளை விழுகிற மாதிரி ஒரு சொல்.
உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை,
அடுத்தது குதிரைப் பந்தய முடிவுகள்.

பிறகு ஸ்டேஷனில் ஊர்ப் பலகையைக் கழற்றினார்கள்.
எதிரி வந்து இறங்கினால்
எந்த ஊர் என்று தெரியக் கூடாதாம்.
ரயில் நின்றதும் போர்ட்டர் ஊர்ப் பெயரைக் கத்துகிறான்,
முன்னைவிட உரக்க.
பள்ளிக்கூடத்துப் பதுங்குகுழியில் மழைநீர், தவளைக் குஞ்சுகள்.
இத்தாலிக்காரர் ஃபாவேரோவையும் கொண்டுபோனார்கள்;
அவர் கரும்பு வெட்ட ஆளில்லாமல்
வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது.
எனக்கு அது அழகாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி பையன்கள் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள்.
காலையில் நான் பழப்பெட்டிப் பலகை இரண்டை எடுத்துப்போய்
ஆணி அடித்தேன்.
எதிர்ச் சாரியில் நின்றாள் பாஸ்கோ அம்மாள்.
அவள் மகன் அம்பன் தீவில், அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.
"யாருக்காக இது?"
"சாரல் அடிக்கிறது" என்றேன்.
வானத்தைப் பார்த்தாள்.
ஒரு மேகம் இல்லை.
அன்றிலிருந்து மாதா கோயிலில்
என் பெஞ்சில் நான் மட்டும்.

பதினாறு மாதம் கழித்து ஒரு அட்டை வந்தது.
அச்சடித்த வரிகள்: நலம். வேலை செய்கிறேன்.
கீழே பென்சிலில், அவன் கை:
சட்டை ரெடியா?

அந்த அட்டையை ஜாக்கெட்டுக்குள் வைத்தே
கூப்பன் வரிசையில் நின்றேன், வெண்ணெய்க்கு, தேயிலைக்கு.
வியர்வையில் பென்சில் கரைந்துவிடும் என்று தோன்றியபின்
பைபிளில் வைத்தேன்.
பிறகு பைபிளைத் திறக்கவே பயமாகிவிட்டது.

எல்லாம் முடிந்த செப்டம்பரில்
கான்ஸ்டபிள் டவ்னியிடம் சாவி கேட்டேன்.
அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று புகைத்தார்.
சட்டையின் தோள் இரண்டிலும் தூசி, கைகள் மடிப்புக் கலையாமல்.
காலரைப் பார்த்தேன்.
நைந்துபோன பக்கத்தை உள்ளே தள்ளி
நல்ல பக்கம் வெளியே வர
பிரித்துத் தைத்திருந்தார்.
யாரும் கேட்கவில்லை. சீட்டில் அதற்குக் கூலியும் எழுதவில்லை.
சலவை மட்டும், ஒன்பது பென்ஸ்.

அவரைத் தெற்கே ஏதோ முகாமிலிருந்து
அப்படியே கப்பலில் ஏற்றுகிறார்கள் என்றார் டவ்னி.
"அவர் நாட்டுக்குத்தானே" என்றார்.

கிளாரி வந்தான்.
ரயிலிலிருந்து இறங்கியவர்களில்
மூன்று பேரைப் பார்த்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிவிட்டேன்.
அந்தக் காலருக்குள்
இன்னொரு கழுத்துக்கும் இடமிருந்தது.

விரலை விட்டுத் தடவினான்.
"யார் திருப்பித் தைத்தது?"

அவன் முதுகில் இருப்பதை நேற்றுத்தான்
முதல்முறை பார்த்திருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

என் தையல் அவனுக்குத் தெரியும்.
ஐந்து வருஷம் என் கோணல் தையலைப் போட்டுத் திரிந்தவன்.
அந்தச் சிறு, நேர் வரிசையை
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
தடவிக்கொண்டே இருந்தான்.

ஒன்பது பென்ஸ் இன்னும் டிராயரில் கிடக்கிறது.