குறையும் தொகை

"நீங்கள் சாகாவிட்டால் என்ன செய்வீர்கள்?"
என்று கேட்டார் பிரிச்சர்ட்
எங்கள் சமையலறையில், ஈரக் கோட்டோடு.
எம்ரிஸ் சிரித்துவிட்டான்.
ஹோலிஹெட்டில் அதுவரை யாரும்
அப்படியொரு கவலையை விற்க வந்ததில்லை.

செத்தால் அறுபத்தெட்டாயிரம் பவுண்டு.
அது புரிந்தது. வீட்டுக் கடன் எவ்வளவோ அவ்வளவு.
கடன் குறையக் குறைய
அவன் சாவின் விலையும் குறையும்,
முதலில் சொட்டுச் சொட்டாக
கடைசியில் மளமளவென்று
இருபத்தைந்தாம் ஆண்டில் சுழி.
மாதம் ஒன்பது பவுண்டு.

இரண்டாவது தாள்தான் இடித்தது.
கூரை வேய்கிறவன் சாகாமல் படுத்துவிட்டால்
சம்பாத்தியத்தில் பாதிக்குச் சற்று மேல் வரும்.
அதற்குப் பதினான்கு.
"சாவதைவிடப் படுப்பதற்கா விலை அதிகம்?" என்றேன்.
"அதுதானே அடிக்கடி நடக்கிறது, மிஸஸ் ப்ரோபர்ட்"
என்று தேநீரை ஊதினார்.

உயரத்தில் வேலையா? ஆம்.
எவ்வளவு உயரம்?
ஜன்னல் வழியே தேவாலயத்தைக் காட்டினான்.
புகை? விட்டுவிட்டேன்.
எப்போது?
எம்ரிஸ் என் முகத்தைப் பார்த்தான்.
"செவ்வாய்க்கிழமை" என்றேன்.
அன்று வியாழன்.
பிரிச்சர்ட் பேனாவைக் கீழே வைத்தார்.
இன்று மறைத்தால் என்றோ ஒருநாள்
கொடுக்காமல் இருக்க அதுவே காரணமாகும், என்றார்.
ஒன்பது பதினொன்று ஆனது.

எத்தனை வாரம் பணமில்லாமல் தாங்குவீர்கள்?
நான்கு என்றால் விலை ஏறும்,
பதின்மூன்று என்றால் இறங்கும்.
பதின்மூன்று என்று சொன்னது நான்.
சும்மா வாயில் வந்தது, பஸ் எண் மாதிரி.

ஆண்டுவாரிப் பட்டியலை
அலமாரிக் கதவின் உள்பக்கம் குத்திவைத்தோம்.
ஒவ்வொரு ஜனவரியும் அதன்முன் நின்று
"போன வருஷமே தள்ளிவிட்டிருக்கலாம், லோரி,
இப்போது நஷ்டம்தான்" என்பான்.
வாயைக் கழுவு என்பேன்.

பதினோராம் ஆண்டு, நவம்பர்.
மழையில் நனைந்த கல் ஓடு
கால் வைத்ததும் சறுக்கியது.
முதுகெலும்பில் இரண்டு.
ஆயுசு கெட்டி என்றார்கள் எல்லாரும்.
கெட்ட ஆயுசுக்கு அறுபத்தெட்டாயிரம் எழுதிய தாளில்
கெட்டி ஆயுசுக்குக் காலணா இல்லை.
இரண்டாவது தாளைத் தேடி எடுத்தேன்.

மூன்றாம் வாரம் வேனை விற்றோம்.
ஆறாம் வாரம்
டப்ளின் படகுகளில் இரவு அறைகளைக் கழுவப் போனேன்.
யாரோ கழற்றி மறந்த கம்பளிச் சாக்ஸ்,
நல்லவை, எடுத்துவந்தேன்.
ஒன்பதாம் வாரம், அவரை டின்னைத் திறக்கும்போது
படுக்கையிலிருந்து கணக்குச் சொன்னான்:
"அன்றே முடிந்திருந்தால் ஐம்பத்தோராயிரம்."
நான் திரும்பவில்லை.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை,
தட்டை மட்டும் வைத்தேன்.
கோபம் அவன்மேல் இல்லை.
அதே எண்ணை
நானும் கதவைத் திறந்து பார்த்திருந்தேன்.

பதினான்காம் வாரமும் வரவில்லை.
மாதம் முடிந்த பிறகுதான் தருவார்களாம்,
எங்கேயோ எழுதியிருந்ததாம்.
பதினேழாம் வாரம் வந்தது.
கரிக் கடன், மீன்கடைக் கடன்,
அவனுக்கு ஒரு கைத்தடி.
இரண்டு வருஷம் அந்தப் பணம் வந்துகொண்டிருந்தது,
ஓட்டுக் கடையில் அவன் கல்லாவில் உட்காரும்வரை.

போன வாரம் கடிதம்.
தங்கள் காப்பீடு நிறைவுற்றது.
கடனும் முடிந்தது, தொகையும் முடிந்தது,
கட்டியதில் திரும்பி வர ஏதுமில்லை.
அவன் பட்டியலைக் கழற்றினான்.
குண்டூசிகள் துருவேறி நின்றன.

"இனி நான் செத்தால் உனக்கு என்ன கிடைக்கும்?"

"துணி அலமாரியில் பாதி இடம்."

சிரித்தான். சிரித்தால் முதுகு பிடிக்கும்.
நாற்காலியிலிருந்து எழ முடியாமல் கையை நீட்டினான்.
கனம் குறையவே இல்லை இவன்.
இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.