மஞ்சள் நாடா

தார்த்து நகரில் மே மாதம்.
பிர்ச் மரங்கள் தூள் உதிர்க்கின்றன.
சைக்கிள் இருக்கையைத் துடைத்த துணியிலும்
மஞ்சள்.
ஆய்வுக்கூடத்தின் கதவருகே நின்று
இரண்டு இழுப்பு.
மூச்சுக்குழல் கொஞ்சம் இடம் விடுகிறது,
நெரிசல் பேருந்தில் யாரோ
தோளை ஒடுக்கிக்கொள்வதுபோல.

எலிகளுக்கு மகரந்தம் இல்லை,
முட்டையின் வெள்ளைக்கரு.
முதலில் ஊசியில்.
இது பகை என்று உடம்பு கற்றுக்கொண்டதும்
அதையே மூக்கருகே பனிமூட்டமாக விடுவோம்.
காலையில் நான் தின்றது ஆம்லெட்.

நான்கு கூண்டு, நான்கு நிற நாடா.
ஸ்டீராய்டு, மாண்டெலுகாஸ்ட்,
பழைய தியோஃபிலின்,
அப்புறம் வெறும் உப்புநீர்.
எந்த நிறத்துக்கு எது என்பது உறைக்குள்;
உறை, ஊர்மஸின் இழுப்பறைக்குள்;
சாவி அவர் மனைவியின் கொத்தில் என்று கேள்வி.

என் வேலை எண்ணுவது.
நுரையீரலைக் கழுவிய நீரில் ஒரு சொட்டு,
அதற்கு மேல் சாயம்.
சிவந்த பொடி அடைத்த அணு ஒவ்வொன்றுக்கும்
கட்டைவிரலால் ஒரு டிக்.
முந்நூறு அணு பார்க்க வேண்டும்.
நினைப்பு வேறெங்கும் போகக் கூடாது.
போகும்.

மஞ்சள் நாடாவில் ஒருத்தி,
காது மடிந்தவள்.
தூக்கினால் கையுறையை நக்குவாள்.
பனிமூட்டத்துக்குப் பிறகும்
விலா அதிகம் துடிக்கவில்லை.
என் பையிலிருக்கும் அதே ஸ்டீராய்டுதான்,
நானே முடிவு கட்டினேன்.
யாரோடும் கட்டாத பந்தயம்.

வெள்ளிக்கிழமை அவள் முறை.
என் கைதான்.
நடுங்கவில்லை, பதினொரு வருடக் கை.

அவள் தகட்டில் சிவப்பு நூற்றெண்பது.
தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன்.
நூற்றெண்பத்திரண்டு.

திங்களன்று உறை பிரிந்தது.
பச்சை ஸ்டீராய்டு: ஒன்பது, பதினான்கு, பதினொன்று.
நீலம் பாதி வழியில் நின்ற மாண்டெலுகாஸ்ட்.
வெள்ளை நாடா தியோஃபிலின்,
நீலத்துக்கும் சற்று மேலே.
மஞ்சள், உப்புநீர்.

"அழகான வரைபடம், ஹெல்வி" என்றார் ஊர்மஸ்.
மஞ்சள் தூண் அத்தனை உயரம் நின்றதால்தான்
மற்றவை தாழ்ந்தது தெரிகிறதாம்.
உண்மைதான்.
அந்த உயரத்தில் ஒரு பங்கு
மடிந்த காதுக்காரியுடையது;
அச்சில் அதற்குக் குறி கிடையாது.

அவள் மூச்சு சுலபமாக இருந்ததென்று
நான் கண்டது என்ன?
என் மூச்சையா?

வெளியே வந்தால் சைக்கிள் மறுபடி மஞ்சள்.
குழலை உதறி ஒரு இழுப்பு.
அதன் முதுகில் சின்ன ஜன்னல்,
மிச்சத்தை அது எண்ணிக்கொண்டிருக்கிறது:
நாற்பத்தொன்று இருந்தது,
நாற்பது.