கடி உண்டியல்

மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து.
செக்காலை ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேலே,
எங்கள் நான்கு திரைகளும்
பத்தே முக்காலுக்குக் கண்ணை மூடின.
யுபிஎஸ் மட்டும் கொஞ்ச நேரம்
கீச் கீச்சென்று யாரையோ கூப்பிட்டுப் பார்த்தது.

"மின்தடை" என்றாள் சிகப்பி.
"எத்தனை ஓம்?" என்றான் தேனப்பன்.
பத்து ரூபாய்.

சிலேடைக்குப் பத்து ரூபாய் அபராதம்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் விழவேண்டும்.
எட்டு பிட் சேர்ந்தால் ஒரு கடி என்று சொல்லி
முதல் நோட்டைப் போட்டவள் சிகப்பிதான்,
பெயரெழுதி ஒட்டியவளும் அவளே: கடி உண்டியல்.
பிழை இருக்கும்வரை பிழைப்பு இருக்கும்,
அதற்கொரு பத்து.
கானாடுகாத்தான் ஓட்டல் முதலாளியிடம் போனில்
"உங்க தளத்துக்கு ஆத்தங்குடிக் கல்லே பதிச்சிரலாமா?"
என்று கேட்டது நான்.
வாடிக்கையாளர் முன்னிலை, எனவே இருபது.
மூன்று வருடத்தில் ஒரு நோட்டும் போடாதவன்
அடைக்கலம்.
சிரிப்பான். அவ்வளவுதான்.

இருட்டில் பேச்சு கருவிகள் பக்கம் போயிற்று.
தீபாவளிக்குக் கற்ற சட்டகம்
பொங்கலுக்குள் பழையது.
பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்க
முந்நூற்றுப் பன்னிரண்டு பொதிகள் இறங்குகின்றன.
"பொத்தான் கேட்டவனுக்குத்
தறியும் சேர்த்து அனுப்புறாங்க" என்றாள் சிகப்பி.
உவமைக்கு அபராதம் இல்லை என்று
தீர்ப்பானது.

புழுக்கம் தாங்காமல் இறங்கி நடந்தோம்.
முனீஸ்வரன் கோயில் தெரு.
எனாமல் கேரியர், ரசம் போன கண்ணாடி,
யார் வீட்டுத் தேக்குக் கதவோ,
அதன் பின்னே தூசியில் ஒரு வால்வு ரேடியோ.
முதுகு அட்டை இல்லை. முகத்தில் ஊர்கள்:
கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சைகோன்.
சிகப்பி குமிழைத் திருகினாள்,
சிவப்பு முள் ஊர்களுக்கு நடுவே
கடலில் போய் நின்றது.
"இதாண்டா மெனு" என்றாள்.
"ஒரு பொதிகூட இறங்கல, பாரு."

"வால்வு போச்சு தம்பி" என்றார் கடைக்காரர் கனி.
எங்கள் பக்கத்து நாக்கில் ழகரம் ஏது,
"எங்களுக்கும்தான் பாய்" என்றேன்.
அங்கேயே பத்து.

இரண்டாயிரம் சொன்னார்.
டீக்கு என்று தேனப்பன் தூக்கி வந்திருந்த பாட்டிலைக்
கவிழ்த்தோம்.
ஆயிரத்து அறுநூற்று முப்பது.
எச்சில் தொட்டுப் பத்துப் பத்தாய் எண்ணி முடித்தார்
எங்கள் கடிகளைக் காசாக ஏற்ற
ஒரே மனிதர்.

போனது வால்வு இல்லை.
உள்ளே ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தது,
மஞ்சள், ஊதா, மஞ்சள்,
நானூற்று எழுபது கிலோ ஓம்.
சைக்கிள் கடையின் செத்துப்போன ஆம்ப்ளிஃபயரில்
அதன் பங்காளி கிடைத்தது.
பற்றவைக்கவும் கரண்ட் வேண்டுமே;
டீக்கடை அடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைப் பழுக்கவைத்து
ஓடி ஓடி ஒட்டினோம்.
தேனப்பனின் கட்டைவிரலும் கொஞ்சம் ஒட்டியது.

ஐந்து ஐந்துக்குக் கரண்ட்.
திரைகள் விழித்துக்கொண்டன.
பினாங்குக்காரர் ஆறு முறை கேட்டிருந்தார்,
தளம் எப்போது ஏறும்?
யாரும் உட்காரவில்லை.
ரேடியோவின் பின்னால் குனிந்திருந்தோம்.
கண்ணாடிக்குள் இழை, செம்பு நிறத்தில், மெல்ல.
பத்து நொடி. இருபது.
தேனப்பன் காற்றில் விரலால்
சுழலும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.
நாற்பதாவது நொடியில்
ஓர் இரைச்சல், அதற்கும் உள்ளே
எங்கோ ஒரு பெண் நெல் விலை வாசித்தாள்.

"சூடு பட்டாத்தான் வால்வு"
என்றான் அடைக்கலம்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.
அவன் பர்ஸைத் திறந்தான்.
ஒரே நோட்டு, ஐந்நூறு.
உண்டியல் காலி, சில்லறைக்கு வழியில்லை.
மடித்துப் போட்டான்,
மூடியைத் திருகினான்.

"மிச்சம் நாப்பத்தொம்பது" என்றான்.