குர்லாவைத் தாண்டாத வண்டி

ஏழு மணிக்கு ஒருமுறை பேசினார்:
"வண்டி வித்யாவிஹார்ல நிக்குது.
சார்ஜ் நாலு சதவீதம்.
கதவைத் தாழ் போட்டுக்கோ."
அதற்குப் பிறகு அந்தப் பெண்குரல்தான்.
மராத்தியில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை,
அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது.

முலுண்டில்
பதினாலாம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவே
யாரோ சிக்கிக்கொண்ட லிப்டைத் திறக்கப் போனவர்.
திறந்துவிட்டாராம்.
அதையும் சொன்ன பிறகுதான் போன் செத்தது.

தாராவியில் எங்கள் சந்து.
எதிர்வீட்டுப் படி ஐந்து செங்கல் உயரம்.
எட்டு மணிக்கு இரண்டு முழுகியிருந்தது,
ஒன்பதுக்கு நாலு.
பெனிட்டாவைக் கட்டிலில் ஏற்றினேன்,
சிலிண்டரைச் சமையல் மேடையில்,
அரிசியை அலமாரி உச்சியில்.
முழங்கால் போட்டால் தண்ணீர் இடுப்புக்கு வரும்.
நின்றபடியே ஆரம்பித்தேன்.

கவலை வந்தால் ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்று
போதகரம்மா உபவாசக் கூட்டத்தில் சொன்னபோது
எனக்குக் கோபம்தான் வந்தது.
காய்ச்சல்காரியிடம் போய்
கோலம் போடச் சொன்னது மாதிரி.
இன்றைக்கும் கோபத்தோடுதான், ஆண்டவரே,
பல்லைக் கடித்துக்கொண்டு:

நாலு சதவீதத்துக்கு ஸ்தோத்திரம்.
அந்த நாலிலும் தாழ்ப்பாளை நினைத்த மனுஷனுக்கு.
தாழ்ப்பாளுக்கு. துருப்பிடித்ததுதான், இருந்தாலும்.
மிதக்கிற செருப்புகளுக்கு
பெனிட்டா பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்,
அதற்கு.
மாடியிலிருந்து வாளியில் கயிறு கட்டி
சாய் இறக்கிய நசீம் ஆப்பாவுக்கு.
அதில் அவர் எப்போதும் அள்ளிப் போடும் இஞ்சிக்கு.

பிறகு ஒன்றும் வரவில்லை.
நாக்கு ஸ்தோத்திரம் என்கிறது,
வயிறு மேன்ஹோல் என்கிறது.
மூடி இல்லாத மேன்ஹோல்.
தண்டவாளத்தில் இறங்கி நடக்கிற கூட்டம்.
தாமிரபரணிக் கரையில் பிறந்தும்
நீச்சல் தெரியாத என் ஆசீர்.
இதையும் உம்மிடம்தானே சொல்ல வேண்டும்?
சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.
தகரக் கூரைமேல் மழை அடித்த அடியில்
பிள்ளைக்குக் கேட்கவில்லை.
மழைக்கு,
அந்தச் சத்தத்துக்கு மட்டும்,
ஸ்தோத்திரம்.

அப்புறம் ஞாபகம் வந்தது
லிப்டுக்குள் இருந்த அந்த ஆள்.
ஆணோ பெண்ணோ, பெயர் தெரியாது.
இந்நேரம் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கும்.
அந்த வீட்டிலும் ஒருத்தி
போனையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.
அவள் காத்திருப்பு முடிந்துவிட்டது.
அவளுக்காகச் சொன்னபோது
பல் கடிக்கவில்லை நான்.
ஏனென்று தெரியவில்லை.
இரண்டு தரம் சொன்னேன்.

மணி பதினொன்று நாற்பது.
பெண்குரல் மாறவில்லை.
பெனிட்டா தூங்கிவிட்டாள்,
ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி.
ஜன்னல் வழியே டார்ச்சை நீட்டினேன்.
எதிர்வீட்டுப் படியில்
நாலாவது செங்கலின் மேல்விளிம்பு
ஒரு விரற்கடை தெரிகிறது.

விரற்கடைக்கு ஸ்தோத்திரம்.

அவர் சொன்ன பேச்சைக் கேளாமல்
தாழைத் திறந்து வைத்திருக்கிறேன்.