அவகாசம்

எங்கள் வீட்டு முன்னறையில் போன் கேரளம்.
கிணற்றடிக்கு வந்தால் உதறிக்கொண்டு
தமிழ்நாடு தங்களை வரவேற்கிறது.
குடம் நிறைவதற்குள் இரண்டு முறை
நாடு கடந்திருப்பேன், பாத்திரத் தண்ணீருக்காக.

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி
சித்தூர்க் கல்லூரியில் நான் படிப்பது
ராஷ்ட்ரதந்திரம்.
தந்திரம் என்று ஒளிக்காமல் பெயர் வைத்த
நேர்மையை நினைத்து முதல் நாள் சிரித்துவிட்டேன்.
ஷெரீனா முழங்கையால் இடித்தாள்:
"இங்க அதுக்கு வேற அர்த்தம். பேசாம எழுது."
வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், தொழுகையில் அரபு,
எதிலும் கால் தடுக்காதவள்.

இறைமை பிரிக்க முடியாதது
என்றார் சுலோசனன் மாஷ்.
பலகையில் ஒரு வட்டம் போட்டு
உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டார்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு. பெயர் ஷோகநாசினி,
துயரை அழிப்பவள்.
அந்த மாதம் மணலாகக் கிடந்தாள்.
மேலே அணையை எப்போது திறப்பார்கள் என்பது
ஒப்பந்தத்தில் இருக்கிறது,
மூன்றாம் செமஸ்டர், நான்காம் அலகு.

அப்பா உடுமலைப் பக்கத்து ஆள்.
நான்கு வருடக் குத்தகை, இரண்டரை ஏக்கர் தக்காளி.
வாய்க்கால் தண்ணீர் கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார்.
எழுதினேன்.
"திருமூர்த்தி" என்று கையெழுத்து மட்டும் தமிழில்,
கோணலாக, கட்டத்துக்கு வெளியே.

ஆபீசில் என்ன சொன்னார்கள் என்றேன்.
"அவகாசமில்லையாமா கண்ணு.
பாவம், அவருக்கும் எத்தன வேலையோ.
நாளைக்கு வெள்ளன போறேன்."

வெள்ளன போனார்.
பூட்டிய கதவுக்கு முன்னால்
ஒன்பதே முக்கால் வரை நின்றார்.
அவகாசமில்லா.
அதற்கு அடுத்த நாளும் போனார்,
ஆபீசருக்கு ஒரு பை தக்காளியோடு.
தக்காளியை வாங்கவில்லை,
நல்ல மனுசன் என்றார் அப்பா.

எனக்கு முதல் நாளே தெரியும்.
பாடப்புத்தகத்தில் பதினெட்டு பக்கம் அது.
மௌலிக அவகாசங்கள்: அடிப்படை உரிமைகள்.
அந்த மொழியில் உரிமை என்பது
எங்கள் மொழியில் கொஞ்சம் நேரம்.
கெடு. தவணை.
உனக்கு உரிமையில்லை என்று அவர் சொல்ல
எனக்கு நேரமில்லை என்று இவர் கேட்டுக்கொண்டு
வணக்கம் சொல்லித் திரும்பியிருக்கிறார்,
மூன்று நாள்.

ஏன் திருத்தவில்லை?
பரீட்சை இருந்தது என்று
என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

கேள்வி: அவகாசம், விளக்குக. பத்து மதிப்பெண்.
இயற்கைக் கோட்பாடு, சட்டக் கோட்பாடு,
வரலாற்றுக் கோட்பாடு, மலையாளத்தில் பிழையில்லாமல்.
அரைப்பக்கம் மிச்சமிருந்தது.
ஒரு விவசாயி, ஓர் அலுவலகம்,
ஒரே சொல் என்று
பெயர் போடாமல் எழுதிவைத்தேன்.
மணி அடித்தபோது விவசாயி
இன்னும் கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.
தாளை இழுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஓஸ் பைப்பின் ஓட்டைக்கு
சைக்கிள் டியூப் சுற்றிக்கொண்டிருக்கையில் சொன்னேன்.
அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அது யாருக்கு இருக்குதாமா?"

நிலத்துக்காரருக்கு. திருச்சூரில் இருக்கிறவருக்கு.

"அவரு தண்ணி கேட்டாரா?"

இல்லை.

முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.
மோட்டாரைப் போடச் சொன்னார்.
ஆழ்துளைக் கிணறு கொஞ்ச நேரம்
காற்றை மட்டும் இருமியது.

தாள் திரும்பி வந்தது. ஆறரை.
அரைப்பக்கத்துக்கு ஓரத்தில் மாஷ்
பென்சிலால் கேட்டிருக்கிறார்:
இந்த உதாரணம் எந்தப் புத்தகத்தில்?

பக்க எண்ணோடு தர வேண்டுமாம்,
வெள்ளிக்கிழமைக்குள்.